பூருல்சா முட்டுக்கொடுத்த கார்டு

பூருல்சாவைப் போல ஒருத்தி எங்கள் மலையூர் நாரினில் பிறந்ததில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். குதிரை மேய்ப்பவரின் மகள். தலைநகர் பிஷ்கேக்கில் ரேடியோத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்து, எங்கள் சின்ன டிவி நிலையத்தின் அத்தனை மெஷினையும் பதினெட்டு வருஷம் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்தாள். சிரித்தால் தெருமுனைக்குக் கேட்கும், திட்டினால் அதற்கும் அப்பால் கேட்கும். நான் இஷென்குல், அங்கே வேன் ஓட்டுகிறவன். அதிகம் திட்டு வாங்கியது நான்தான்.

அந்த வசந்தத்தில் எங்கள் அணி கோக்-போரு இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. குதிரைமேல் இருந்தபடியே ஆட்டுடலைப் பறித்து எதிரணிக் குழியில் போட வேண்டும். ஊருக்கே பைத்தியம் பிடித்துவிடும். ஆற்றங்கரை மைதானத்திலிருந்து நேரடியாகக் காட்டப்போகிறோம் என்று பூருல்சா வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டாள். மேலாளர் தூரோன்பெக் விரலை நீட்டினார். "படம் நின்னுச்சுன்னா நீ கேட்டு வாங்குன அந்தப் புதுக் கம்ப்யூட்டர் பிஷ்கேக் திரும்பும், நீயும் வீட்டுக்குப் போலாம்."

ஆட்டத்தன்று காலை வேனுக்குள் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தாள். படத்தை அனுப்புகிற வீடியோ கார்டு பெட்டியின் நீளத்துக்கு நீளம். பின்பக்கத்தைத் திருகு பிடித்துக்கொள்ளும், முன்நுனியைத் தாங்க ஒரு பிளாஸ்டிக் தாங்கி உண்டு. அது இரண்டாக உடைந்து கிடந்தது. நுனி தொங்கிப்போய், கார்டு ஸ்லாட்டை விட்டுக் கிளம்பியிருந்தது.

"டேய், பிஷ்கேக்லேருந்து இதைக் கொண்டாறப்ப டோலோன் கணவாய்ல வேனை ஓட்டுனியா, உருட்டுனியா?"

"பெரிய குழி, அக்கா..."

"குழியில விழுந்தது என் வேலைடா!"

அட்டையை மடித்து முட்டுக்கொடுத்தாள். ஜெனரேட்டர் அதிர்ந்ததில் ஐந்தே நிமிஷத்தில் நசுங்கியது. நான் ஸ்பேனரை நீட்டினேன். "இரும்பு பட்டா எல்லாம் புகையாப் போயிடும், மடையா!" பதறிப்போய்ச் சாப்பாட்டுச் சட்டியிலிருந்து ஆட்டின் கணுக்கால் எலும்பை எடுத்தேன்.

"ஈரமும் கொழுப்புமா... கார்டையே கொன்னுடுவ." சட்டென்று நிறுத்தினாள். "காஞ்ச எலும்புன்னா?"

அவள் கண் என் சட்டைப்பைக்குப் போனது. அய்யோ! அதில் இருந்தது என் எறிகாய். காட்டாட்டின் கணு எலும்பு. எலும்பு எறிந்து ஆடுகிற ஆட்டத்தில் பதினோரு வருஷம் தோற்காதது. நான் பையைப் பொத்திக்கொண்டேன்.

"இது மட்டும் வேணாங்கா."

"உடைச்சவன் நீ. குடு!"

கொடுத்தேன். கார்டு நுனிக்கும் பெட்டித் தரைக்கும் நடுவே வைத்துப் பார்த்தாள். மல்லாந்தால் குட்டை, கவிழ்த்தாலும் குட்டை, ஒரு பக்கம் சாய்த்தால் வழுக்கியது. நாலாவது பக்கத்தில் நிறுத்தினாள். எலும்பு எறியும்போது விழச்சொல்லி நாங்கள் உயிரைக் கொடுத்துக் கேட்கிற, ஜெயிக்க வைக்கிற அல்ச்சிப் பக்கம். அச்சாகப் பொருந்தியது! பிளாஸ்திரி ஒட்டிக் கார்டை அழுத்தினாள். திரையில் படம் குதித்து வந்தது.

"எறியாமலே அல்ச்சிடா!" என்று கத்தினாள். நானும் கத்தினேன்.

கடைசி நிமிஷம், இரண்டுக்கு இரண்டு. ஆட்டுடலோடு பாய்ந்த கூட்டத்தில் ஒரு குதிரை நேராக எங்கள் வேன்மேல் மோதியது. வேனே துள்ளியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பூருல்சா இரண்டு கையாலும் பெட்டியைக் கட்டிப்பிடித்திருந்தாள். எங்கள் ஆள் குழியில் வீசினான், மைதானம் அலறியது. மானிட்டர் அவளுக்குப் பின்னால் இருந்தது. திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"படம் இருக்காடா?"

நான் வாயைத் திறப்பதற்குள் ஆற்றுக்கு அப்பால், மலைச்சரிவு வீடுகளிலிருந்து, இன்னொரு அலறல் வந்தது.

"அவங்களும் டிவில பாத்துட்டாங்கடா!" என்று என் முதுகில் ஓங்கி அறைந்தாள், கண்ணீர் கொட்டக் கொட்ட.