அத்தர் பாய் வீட்டுக்குத் தேனீ வந்த நாள்

மேற்குத் தாம்பரத்தில் அத்தர் கடை வைத்திருந்த பாட்சா பாய்க்கு ஒரு பழக்கம் உண்டு. தபால்காரரோ தண்ணி லாரிக்காரரோ, யார் வந்தாலும் கையைப் பிடித்து மணிக்கட்டில் ஒரு சொட்டு தடவிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பார். மீட்டர் ரீடிங் எடுக்க வந்த ஒருவர் வீட்டில் இதனால் பெரிய சண்டையே வந்ததாகக் கேள்வி. மனுஷர் அப்படி. கள்ளம் கபடம் தெரியாது. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கவும் தெரியாது.

மல்லிகை, ரோஜா, தாழம்பூ என்று இருபது வருஷமாகக் குப்பியில் அடைத்து விற்றவருக்கு, 2006-ல் தேனீ ஆசை பிடித்தது. வாரப் பத்திரிகை ஒன்றின் கடைசிப் பக்கத்து விளம்பரம்தான் காரணம். மார்த்தாண்டத்திலிருந்து உயிருள்ள தேனீக்களைப் பெட்டியோடு பஸ் பார்சலில் அனுப்புவார்களாம். அந்த நாலு வரியை மனைவி சித்திகாவிடம் ஐந்து தடவை படித்துக் காட்டினார்.

“நான் விக்கிறது குப்பில அடைச்ச பூவு. இதுங்க நெஜப் பூவுல போயி உக்காருதுங்க. நம்ம வூட்டுலயே பாத்துக்கினு இருக்கலாம் சித்திகா.”

சித்திகாவின் கவலை தேனீயைப் பற்றியல்ல, பக்கத்து வீட்டு நாகலக்ஷ்மி டீச்சரைப் பற்றி. இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே போர்வெல், ஒரே மோட்டார். அப்படியிருந்தும் பதினோரு வருஷத்தில் ஒரு வார்த்தை தடித்ததில்லை. இந்தப் பக்கத்தில் அது சாதாரண விஷயமா?

“ஒருத்தர ஒரு கொட்டு கொட்டினாலும் பெட்டி வந்த பஸ்ஸுலயே திரும்பிப் போவணும். சரின்னா வாங்குங்க.”

சரி என்றார். பெட்டி வருவதற்குள் தெரு முழுக்கச் சொல்லியும் முடித்திருந்தார்.

சனிக்கிழமை விடிந்ததும் பெருங்களத்தூரில் பஸ் நின்றது. “சீக்கிரம் வாங்கிக்க பாய், வழி பூரா உறுமிக்கினே வந்துச்சு” என்று கிளீனர் பெட்டியை இறக்கிவிட்டு ஓடினார். வாசலைக் கம்பிவலையால் அடைத்த மரப்பெட்டி. அதை ஆட்டோவில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த பாட்சா, மொட்டை மாடியில் செங்கல் மேல் வைத்து வலையை எடுத்தார். நாலைந்து தேனீக்கள் எட்டிப் பார்த்தன. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு தூரத்திலிருந்து வந்த விருந்தாளிகளைச் சும்மா விட முடியுமா? சட்டைப் பையிலிருந்து குப்பியை எடுத்து, பெட்டியின் வாசற்பலகையிலும் மூடியிலும் உசத்தியான ரோஜா அத்தரை நாலு சொட்டு தடவிவிட்டார்.

அவ்வளவுதான். பத்து மணிக்குள் மொத்தக் கூட்டமும் வெளியே வந்தது. மாடியை இரண்டு சுற்று சுற்றியது. ஊரில் எத்தனையோ மரம் இருக்க, நாகலக்ஷ்மி டீச்சர் வீட்டு முருங்கையில், துணி காயும் கொடிக்கு நேர் மேலே, இளநீர்க் காய் அளவுக்குக் கொத்தாகத் தொங்கியது.

“சித்திகா, எங்க முருங்கை மரத்துல என்னமோ ஒட்டிண்டிருக்கு பாரேன். அசையறதுடீ!” என்று டீச்சர் குரல் கேட்டது.

பாட்சா மார்த்தாண்டத்துக்குப் போன் போட்டார். நடந்ததைப் பெட்டிக்காரரிடம் ஒன்று விடாமல் சொன்னார்.

“அத்தரா? அதுகளுக்கு ராணியோட மணந்தான் வீடு. அதப் போயி கெடுத்துப் போட்டியளே,” என்றார் அவர். பெட்டியைச் சாம்பல் போட்டுக் கழுவிக் காயவைத்து, வெயில் தாழ்ந்ததும் கொத்துக்குக் கீழே பிடித்துக் கிளையை உலுக்க வேண்டும். ராணி உள்ளே விழுந்தால் மற்றவை தானாகப் போய்விடும். இன்றைக்கே செய்யாவிட்டால் பறந்துவிடும். “ஆனா நீங்க கிட்ட போவாதீய. ஒங்க மேல அந்த மணம் இருக்கும்லா?”

பாட்சா மூன்று தடவை குளித்தார். இருபது வருஷ அத்தர் மூன்று குளியலுக்கா போகும்? அவர் நெருங்கியதுமே கொத்து உறுமியது.

“நவுருங்க,” என்றாள் சித்திகா. முகத்தைத் துப்பட்டாவால் சுற்றிக்கொண்டு பெட்டியோடு ஸ்டூலில் ஏறினாள். கொசுவலையைத் தலையோடு போர்த்திக்கொண்டு டீச்சர் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். வேண்டாம் என்றவள் மரத்தடியில் நிற்க, வேண்டும் என்றவர் தெருவில் நின்றார். வெட்கமாக இருந்தது. அதைவிட, அவள் விழுந்துவிடுவாளோ என்று பயமாக இருந்தது. கிளையை ஒரே உலுக்கு. கொத்து பொத்தென்று பெட்டிக்குள் விழுந்தது. மிச்சமிருந்தவையும் அரை மணியில் வாசல் வழியாக வரிசையாக உள்ளே போயின.

பெட்டியை மாடியில் வைத்துவிட்டு இறங்கி வந்தவள் வலது கையைத் துப்பட்டாவுக்குள் மறைத்திருந்தாள். பாட்சா இழுத்துப் பார்த்தார். மூன்று இடத்தில் வீங்கியிருந்தது.

“சொன்னது சொன்னதுதான் சித்திகா,” என்றார். “இன்னிக்கு பஸ்ஸுலயே ஏத்திடறேன்.”

“யாரக் கொட்டிச்சு?”

“ஒன்னத்தான்.”

“அப்ப அனுப்பறதா வேணாமான்னு நான்தான சொல்லணும்?”

அவர் சுண்ணாம்பு எடுத்துவந்து படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வீக்கத்தின் மேல் மெதுவாகத் தடவினார்.

“தள்ளி உக்காருங்க. இந்த வாசனைக்கு அதுங்க மறுபடியும் கெளம்பிடப் போவுது,” என்றாள் சித்திகா. கையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.