ஒழுங்கையில் நின்று பாடம் சொன்ன டொக்டர் மிஸ்ஸி

செவ்வாய்க்கிழமை காலை குழாயடியில் வாளியோடு நின்றேன். மழை விட்டும் விடாமலும் இருந்தது. ஒழுங்கை முனையில், எங்கள் சந்து தெருவில் சேரும் இடத்தில், மாளிகாவத்தை காதர் நானா தன் ரிக்ஷோவை இறக்கி வைத்துவிட்டு அசையாமல் நின்றார். வண்டியில் ஆள் இல்லை. எங்கள் டொக்டர் மிஸ்ஸியை வருஷக்கணக்காய் இழுத்து வந்த மனிதர் அவர். வெறும் வண்டியோடு இந்தப் பக்கம் அவர் வந்து நான் கண்டதேயில்லை.

"ஆச்சி, டொக்டரம்மா மவுத்தாப் போயிட்டாங்க," என்றார். "விடியச் சுபஹுத் தொழுகை நேரம் உசிர் போயிட்டு."

குழாயடியில் நின்ற பெண்கள் ஒருவரும் ஒப்பாரி வைக்கவில்லை. யாரோ ஒருத்தி குழாயைப் பூட்டினாள். பின்னால் நின்ற ஒருத்தி கேட்டாள்: "அப்ப இனிக் காய்ச்சல் வீடுகளுக்கு ஆர் போறது?"



டொக்டர் மிஸ் ரஞ்சிதம் வேதமுத்து அவர்களைக் கொட்டாஞ்சேனையில் தெரியாதவர்கள் இல்லை. தெரியாத ஊரார் கண்ணில் இது பட்டால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: வெள்ளவத்தையில் பிறந்து வளர்ந்தவர். மருத்துவக் கல்லூரியில் பிள்ளைப்பேற்று வைத்தியம் படிப்பித்தவர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். படித்தவர்கள் எழுதினால் அவர் வாங்கிய பட்டங்களை எழுதுவார்கள். எங்கள் ஒழுங்கையில் அவர் நின்ற இடம் அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், அதனால் எழுதுகிறேன்.

நான் அவரை முதன்முதலில் கண்டதும் அதே குழாயடியில்தான். என் மகனின் மகள் பிலோமினா அப்போது மருத்துவக் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் படித்தவர் ஆணிலும் இல்லை, பெண்ணிலும் இல்லை. ஒரு நாள் காலை பார்த்தால், வெள்ளைச் சீலை கட்டிய ஒரு பெண்மணி, பின்னால் கோட்டுப் போட்ட பெடியன்களும் என் பேத்தியும் இன்னும் இரண்டு பெட்டைகளுமாக, எங்கள் ஒழுங்கைக்குள் வருகிறார். குழாயைச் சுற்றி நிற்கச் சொன்னார். நின்றார்கள், நின்றுகொண்டே இருந்தார்கள்.

எங்கள் ஆட்கள் சும்மா விடுவார்களா? "என்ன மிஸ்ஸி, உங்கட கொலிஜில தண்ணி இல்லையோ?" என்று அன்னம்மா கேட்டாள். அவள் வாய் அப்படித்தான்.

"தண்ணி இருக்கு அக்கா. கைதான் இல்லை," என்றார் மிஸ்ஸி.

ஒரு பெடியன் பொறுக்க முடியாமல், "மிஸ், பாடம் எப்ப தொடங்கும்?" என்று கேட்டான்.

"அது தொடங்கி ஒரு மணித்தியாலம் ஆச்சு. இந்தக் குழாயைத் தொட்ட கைகள் இதுக்கு முன்னம் எதைத் தொட்டது எண்டு பாத்தியா? பாக்கேல்லையெண்டால் நாளைக்கும் வந்து நில்."

அவன் அடுத்த நாளும் வந்தான், பாவம்.

படிப்பில் பாதி சுவருக்கு வெளியே இருக்கிறது என்பது அவருடைய பிடிவாதம். கல்லூரியிலும் அதற்கு ஒரு சட்டம் இருந்தது. மாணவர்கள் இத்தனை பிரசவங்களை ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டும், இத்தனை பிரசவங்களை வீடுகளுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். வீட்டுப் பிரசவம் என்றால், படிப்பிக்கிற டொக்டர் கூட நின்று கண்ணால் கண்டால்தான் அது பட்டத்துக்குக் கணக்கு. காணாதது கணக்கில் வராது. அவ்வளவுதான் சட்டம்.

"வகுப்பில எல்லாத் தாயும் பிழைச்சிடுவினம்," என்று மிஸ்ஸி பிள்ளைகளுக்குச் சொல்வாராம். "ஒழுங்கைக்கு வாங்கோ. இங்க என்ன நடக்குது எண்டு பாருங்கோ."

இங்கே என்ன நடந்தது என்று நான் சொல்கிறேன். போன மழைக்காலம் தொடங்கியதும் காய்ச்சல் வந்தது. பிள்ளை பெற்ற பெண்களுக்கு மட்டும் வருகிற காய்ச்சல். ஜிந்துப்பிட்டியில் ஒருத்தி பிள்ளை பெற்று, எழுந்து, கஞ்சி குடித்து, எல்லோரோடும் சிரித்துக் கதைத்தாள். மூன்றாம் நாள் குளிர் நடுங்கியது. ஞாயிறு பூசைக்கு முன் அவளைப் பெட்டியில் வைத்துவிட்டார்கள். அடுத்த கிழமை அதே ஒழுங்கையில் இன்னொருத்தி. பிறகு எங்கள் பக்கம். கர்ப்பிணிகள் இருக்கிற வீடுகளில் ஆட்கள் குரலைத் தாழ்த்திக் கதைக்கத் தொடங்கினார்கள், காய்ச்சல் வாசலில் நின்று ஒட்டுக்கேட்கிறது போல.

வெள்ளைக்காரரின் யுத்த காலம். டொக்டர்மாரில் பாதிப்பேரைப் பட்டாளத்து ஆஸ்பத்திரிகளுக்கு எடுத்துவிட்டார்கள். எங்கள் ஒழுங்கைகளுக்கு மிஸ்ஸி ஒருவர்தான் எஞ்சினார். அவர் பிலோமினாவையும் மற்றப் பிள்ளைகளையும் கூப்பிட்டுச் சொன்னது எனக்கு இன்றைக்கும் அப்படியே நினைவிருக்கிறது, எங்கள் வீட்டு முன்னறையில் இருந்துதான் சொன்னார்.

"இந்தக் காய்ச்சல் காத்தில வாறதில்லை. எங்கட கையில வருது. இண்டையிலிருந்து காய்ச்சல் வீட்டுக்கு நான் போவன், பிள்ளை பிறக்கிற வீட்டுக்கு நீங்கள் போவீங்கள். நான் போன வீட்டு வாசலை நீங்கள் மிதிக்கக் கூடாது. நீங்கள் இருக்கிற அறைக்குள்ள நானும் வரமாட்டன்."

எங்கள் ஆட்களுக்கு இது விளங்காத விஷயமா? செத்த வீட்டுக்குப் போனவர் பிள்ளை பெற்ற வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. நாங்கள் அதைத் துடக்கு என்போம். மிஸ்ஸி அதைக் கேட்டுச் சிரித்தார். "பேர் என்னவாயும் இருக்கட்டும் அம்மா, கதவைச் சாத்தினால் சரி," என்றார்.

ஆனால் பிலோமினாவுக்கு முகம் விழுந்துவிட்டது. அவளுக்கு வீட்டுப் பிரசவத்தில் ஒன்று குறை. ஒன்றே ஒன்று. தவணை முடிவதற்குள் அது கணக்கில் ஏறாவிட்டால் அந்த வருஷம் முழுக்கத் திரும்பப் படிக்க வேண்டும். என் மகனோ, "வருஷம் தவறினால் படிப்பு நிற்கும். யாழ்ப்பாணத்துச் சம்பந்தத்துக்கு ஓம் எண்டு சொல்லிப்போடுவன்," என்று ஒரே பிடியில் இருந்தான். மிஸ்ஸி அறைக்குள் வரமாட்டார் என்றால் யார் கண்ணால் காண்பது?

தவணையின் கடைசிக் கிழமையில் அன்னம்மாவின் மருமகள் திரேசாவுக்கு நோவு கண்டது. நாள் முந்திவிட்டது. மழையில் தெரு முழங்கால் வெள்ளம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. மருத்துவிச்சி வேறொரு வீட்டில் மாட்டிக்கொண்டாள். பிலோமினா ஓடினாள், உதவிக்கு நானும் போனேன். காதர் நானா போய்ச் சொல்ல, மிஸ்ஸி வந்தார். வந்தவர் வாசலுக்கு வெளியே மழையில் நின்றுகொண்டார்.

"அன்னம்மாக்கா, நான் உள்ள வரேலாது. அறை ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்கோ. வெளியில நிண்டு பாக்கிறன்."

"ஜன்னலையோ? பிள்ளை பெறுகிற அறையில காத்துப் பட்டால் சன்னி வரும், தெரியாதோ? நீங்கள் உள்ள வாங்கோவன், ஆர் வேண்டாமெண்டது?"

"நான் காலமை ஜிந்துப்பிட்டியில செத்த வீட்டால வந்தனான்."

அன்னம்மா சிலுவை போட்டாள். "அப்பிடியெண்டால் அங்கினையே நில்லுங்கோ தாயே. இன்னும் கொஞ்சம் எட்டி நிண்டாலும் குறையில்லை." சொல்லிவிட்டு ஜன்னல் பலகையில் தன் அகல முதுகைச் சாய்த்து இருந்துவிட்டாள். நான் கெஞ்சினேன். ஒரு கீற்றாவது திற என்றேன். அவள் அசையவில்லை. எங்கள் ஆட்களுக்குச் செத்த வீட்டுத் துடக்கும் தெரியும், ஜன்னல் காற்றுப் பயமும் தெரியும். அன்றைக்கு இரண்டும் சேர்ந்து டொக்டரை மழையில் நிறுத்திவிட்டன.

மிஸ்ஸி சண்டை பிடிக்கவில்லை. ஜன்னலடிக்கு வந்து, பலகைக்கு வெளியே நின்று கேட்டார். "பிலோமினா, தலை தெரியுதா?"

"ஓம் மிஸ்."

"கொடி?"

"கழுத்தில சுத்தியிருக்கு மிஸ்!"

"எத்தினை சுத்து?"

"ஒண்டு."

"விரல் உள்ளுக்குப் போகுதா?"

"போகுது."

"அப்ப ஏன் என்னைக் கேக்கிறாய்? தலைக்கு மேலால எடு."

எடுத்தாள். குழந்தை வந்தது. நீலமாய், ஈரத்துணி மாதிரித் துவண்டு கிடந்தது. சத்தமில்லை. பிலோமினா அதன் வாயைத் துடைத்தாள், முதுகைத் தேய்த்தாள். வெளியே மழைச் சத்தம் மட்டும்.  திரேசா என்னைப் பார்த்தாள், நான் சுவரைப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு பூனைக்குட்டி போல ஒரு முனகல், அதன் பின்னால் ஒரு கத்தல். அன்னம்மா முதுகை ஜன்னலில் வைத்தபடியே அழுதாள்.

வெளியிலிருந்து வந்த முதல் கேள்வி, ஆணா பெண்ணா என்றல்ல. "தாய்க்கு ரத்தம் எப்பிடி? வயித்தைப் பிடிச்சுப் பார். இறுகுதா?"

"இறுகுது மிஸ்."

எல்லாம் முடிந்து கையைக் கழுவிக்கொண்டு பிலோமினா வாசலுக்கு வந்தாள். "மிஸ், இதுதான் எனக்குக் குறைஞ்ச கேஸ்."

"தெரியும்."

"கணக்கில சேருமா?"

"நான் காணேல்லையே பிள்ளை."

 "காது கேட்டதுதானே மிஸ்ஸி? பிள்ளை அழுதது பொய்யோ?" என்று கேட்டேன்.

அவர் சீலையைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "அம்மா, காணாததை நான் கண்டன் எண்டால், நாளைக்கு இன்னொருத்தரும் அப்பிடிச் சொல்லுவார். பிறகு சாகிறது ஆர்? உங்கட தெருப் பெண்கள்தான்." அப்போதுதான் அவருடைய வலக்கைப் பெருவிரலில் துணி சுற்றியிருந்ததைக் கண்டேன். "காலமை தைக்கேக்க ஊசி குத்தினது," என்றார். "ஊசி குத்தாத டொக்டரும் உண்டோ?"

ஜிந்துப்பிட்டியில் காய்ச்சலோடு கிடந்தவளுக்கு, அவள் சாகுமுன் புண்ணைத் தைத்த ஊசி. காய்ச்சல் அந்த ஊசி வழியே அவர் கைக்குள் ஏறியது பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

அடுத்த நாள் மிஸ்ஸி கல்லூரிக்குப் போய்ப் பெரியவர்கள் முன்னால் நின்றார். பிலோமினா வெளியே விறாந்தையில் நின்று கேட்டு வந்து எனக்குத் தமிழில் சொன்னாள். "அந்தப் பிரசவத்தை நான் காணவில்லை. கண்டேன் என்று சொல்லமாட்டேன்," என்றாராம். "ஆனால் இவள் வெளியிலே படித்ததை உள்ளே கூப்பிட்டுக் கேளுங்கள். தெரிந்திருந்தால் சேருங்கள். தெரியாவிட்டால் தள்ளிவிடுங்கள்."

"அப்படி ஒரு வழக்கம் இங்கே இல்லையே, டொக்டர்," என்று வெள்ளைக்காரப் பேராசிரியர் சொன்னாராம்.

"இல்லையென்றால் இன்றைக்குத் தொடங்குவோம். தெருவிலே சாவு உங்கள் வழக்கத்தைக் கேட்டுக்கொண்டு வரவில்லை."

அதைச் சொல்லும்போது அவருடைய கை முழங்கை வரை சிவந்து வீங்கியிருந்ததாம். அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குத்தான் போனார்.

பிலோமினாவை மூன்று பேராசிரியர்கள் இருத்தி வைத்துக் கேட்டார்கள். கொடியைக் கேட்டார்கள், நீலத்தைக் கேட்டார்கள், ரத்தத்தைக் கேட்டார்கள். கடைசியில் ஒருவர், "ஜன்னலுக்கு அந்தப் பக்கம் டொக்டர் இல்லாதிருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று கேட்டாராம். "இதைத்தான் செய்திருப்பேன் சேர். பயம் மட்டும் இன்னும் கூட இருந்திருக்கும்," என்றாளாம். கணக்கில் சேர்த்தார்கள். ஆஸ்பத்திரியிலும் நடக்காத, டொக்டரும் காணாத ஒரு பிரசவம், சொல்லிக் காட்டியதால் மட்டும் பட்டத்துக்குச் சேர்ந்தது அதுவே முதல் தடவை என்கிறார்கள். என் பேத்தி என்பதால் பெருமை பேசுகிறேன் என்று நினைத்தாலும் சரி, அது உண்மை.

அவள் அந்தச் சந்தோஷத்தோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மிஸ்ஸி அவளை உள்ளே விடவில்லை. நேர்ஸ் வெளியே வந்து, "நீ பிரசவம் பாக்கிற பிள்ளையாம், கிட்ட வரக்கூடாதாம்," என்றாள். பிலோமினா விஷயத்தைச் சொல்லி அனுப்பினாள். நேர்ஸ் போய்த் திரும்பி வந்தாள். "கேட்டா. சிரிச்சா. திரேசாவுக்குக் காய்ச்சல் காயுதா எண்டு கேக்கச் சொன்னா."

"இல்லை எண்டு சொல்லுங்கோ. பால் குடுக்கிறா."

அதற்குப் பிறகு மிஸ்ஸி தெளிவாக ஒன்றும் கதைக்கவில்லையாம்.

நேற்றுப் பின்னேரம் கல்கிசைச் சேமக்காலையில் அடக்கம். பிலோமினா வெள்ளைச் சீலை கட்டி வாசலுக்கு வந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து ஜிந்துப்பிட்டியிலிருந்து ஒரு மனிதர் மூச்சு வாங்க ஓடி வந்தார். பெண்சாதிக்கு நோவாம். மருத்துவிச்சி தனியே நிற்கிறாளாம், கூட ஒரு ஆள் வேண்டுமாம். அடக்கத்துக்குப் போனால் அங்கே போக முடியாது. அங்கே போனால் மிஸ்ஸியின் முகத்தை இனிக் காண முடியாது. பிள்ளை உள்ளே திரும்பிப் போய்த் தன் பையை எடுத்துவந்தாள்.

"அப்பம்மா, நீங்கள் போங்கோ. எனக்கும் சேர்த்து மண் போடுங்கோ," என்றாள்.

சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த என் மகன் குடையை எடுத்தான். அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு ஜிந்துப்பிட்டிப் பக்கம் முன்னால் நடந்தான்.

மிஸ்ஸி, உங்கள் பிலோமினா வரவில்லை என்று குறை நினைக்காதேங்கோ. காய்ச்சல் எங்கள் ஒழுங்கைகளை விட்டு இன்னும் போகவில்லை. கிழக்கே வானம் கறுத்துத்தான் கிடக்கிறது. நான் குழிக்குள் இரண்டு பிடி மண் போட்டேன். முதல் பிடி என்னுடையது. இரண்டாவதைப் போடும்போது, ஜிந்துப்பிட்டியில் மூடிய ஒரு அறைக்குள் உங்கள் மாணவி முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

போய் வாருங்கள், தாயே.