பாயில் தைத்த மாமன் தலை

ஆலத்தியூர் பக்கம், குடிதண்ணீருக்கே லாரியை எதிர்பார்க்கிற ஊரில், வீரமணி தன் வீட்டு முற்றத்தில் பந்தயப் படகு செய்தார். முதலில் எல்லோரும் அதை மாட்டுத் தொட்டி என்றே நினைத்தார்கள். எத்தனை மாடு குடிக்கும் என்று விசாரித்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

துபாயில் ஒரு படகு கிளப்பில் பல வருடம் படகு கழுவியவர் வீரமணி. ஒற்றை ஆள் உட்காரும் சின்னப் பாய்மரப் படகுகளைக் காலையில் தண்ணீரில் தள்ளிவிடுவார். பந்தயம் முடிந்ததும் இழுத்துவந்து உப்பு போகக் கழுவிக் கவிழ்ப்பார். "ஒரு தடவை ஏறி உட்காருப்பா" என்று ஒரு புண்ணியவானும் சொன்னதில்லை. இவரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஊர் திரும்பி சிமெண்ட் ஆலையில் காவலுக்குச் சேர்ந்த பிறகும் அந்த ஆசை பல்வலி மாதிரி வந்து வந்து போனது. கடைசியில் சென்ட்ரிங் பலகையை வாங்கி, தண்ணீர் டேங்க் ஓட்டை அடைக்கிற பசையைப் பூசி, தானே செய்ய உட்கார்ந்துவிட்டார்.

பாய்க்குத்தான் துணி கிடைக்கவில்லை. விறகு நனையாமல் மூடியிருந்த ஃப்ளெக்ஸ் கண்ணில் பட்டது. மகள் வெற்றிச்செல்வியின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் நல்லுசாமி வைத்தது. அதில் பெண் ஓர் ஓரமாக இருந்தாள். நட்ட நடுவில், கூலிங் கிளாஸ் போட்டு, கைகூப்பி, ஆளுயரத்துக்கு மேல் நின்றவர் நல்லுசாமிதான். வீரமணி அதை முக்கோணமாக வெட்டினார். மேல்பக்கம் குறுகியதில் மச்சானின் கழுத்துக்கு மேலே எதுவும் மிஞ்சவில்லை. தலை இருந்த துண்டைக் கோழிக்கூண்டின் மேல் போட்டார். புத்தி இருக்கிறவன் அதையாவது ஒளித்து வைத்திருப்பான்.

தை மாதம் வெற்றிச்செல்விக்குக் கல்யாணம். பத்திரிகை விஷயம் பேச வந்த நல்லுசாமி, தலையில்லாமல் தன் உடம்பு கம்பத்தில் கைகூப்பி நிற்பதைப் பார்த்தார். பிறகு கோழிக்கூண்டைப் பார்த்தார்.

"பாய்ன்னா மேல கூம்பாத்தான் மச்சான் இருக்கும். தலைக்கு எடமில்ல" என்றார் வீரமணி. உண்மைதான். ஆனால் அதையா அந்த நேரத்தில் சொல்வது?

"என் தலைக்கு எடமில்லாத வூட்ல எனக்கென்ன வேல? கல்யாணத்துக்கு வேற மாமன பாத்துக்க மாப்ள!"

நல்லுசாமி காபியைத் தொடாமல் போய்விட்டார். வீரமணியின் மனைவி இருசம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

"எங்கண்ணன் வந்து மால எடுத்துக் குடுக்காம எம்புள்ள மணவறை ஏறாது. அந்தத் தொட்டி வேணுமா, கல்யாணம் வேணுமான்னு நீங்களே சொல்லுங்க."

வீரமணி கோழிக்கூண்டிலிருந்து தலையை எடுத்துக் கழுவி, கோணி ஊசியால் பாயின் உச்சியில் தைத்தார். கம்பத்துக்கும் மேலே நீட்டிக்கொண்டு, காற்று வந்தால் அது ஆமாம் ஆமாம் என்று ஆடியது. இருசம்மாள் நேரில் போய் அழுததில் நல்லுசாமி இறங்கிவந்தார். ஒரே ஒரு நிபந்தனை: ஊரே பார்க்க, ஏரியில், அந்தப் படகு தலையோடு போக வேண்டும். அப்படிப் போனால் கல்யாணத்துக்கு வருவார்.

மார்கழியில் ஏரி நிரம்பியிருந்தது. படகு டிராக்டரில் வந்தது. புது வண்டிக்குச் செய்வதுபோல் பூசணிக்காய் உடைத்தார்கள். எலுமிச்சம்பழம் வைக்கச் சக்கரத்தைத் தேடி, இல்லாததால் படகையே தூக்கி அதன்மேல் வைத்து நசுக்கினார்கள். வீரமணி ஏறி உட்கார்ந்தார். காற்றுப் பிடித்துப் பாய் உப்பியது. அடிப்பலகையில் தண்ணீர் சலசலத்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருடம் கழுவியது இதற்காகத்தான். கரையில் விசில் பறந்தது. தன் முகம் தண்ணீரில் போவதைப் பார்த்து நல்லுசாமி மீசையைத் தடவினார்.

ஏரிக்கோடி வந்ததும் படகைத் திருப்பித்தானே ஆக வேண்டும்? ஃப்ளெக்ஸில் ஒரு பக்கம்தான் படம். திரும்பி வரும்போது கரைக்குத் தெரிந்தது வெறும் வெள்ளை.

"மாமன காணோம்டோய்!" என்று யாரோ கத்தினார்கள்.

"அந்தப் பக்கம் இருக்கீங்க மச்சான்!" என்று தண்ணீரிலிருந்து வீரமணி கத்தினார்.

நல்லுசாமி நம்பவில்லை. மொபெட்டை உதைத்து, ஏரியைச் சுற்றி அக்கரைக்குப் பறந்தார். அவர் போய்ச் சேரவும் படகு மறுபடி திரும்பவும் சரியாக இருந்தது. அங்கேயும் வெள்ளை. முகம் இக்கரையில். மொபெட் திரும்பியது. படகும் திரும்பியது. கொஞ்ச நேரத்தில் ஊர் இரண்டு கட்சியாகிவிட்டது. பாதிப் பேர் படகுக்குக் கத்தினார்கள், பாதிப் பேர் மொபெட்டுக்கு. பந்தயப் படகுக்குப் பந்தயம் கிடைத்துவிட்டது.

மதகு ஓரம் படகு சேற்றில் செருகி நின்றது. புழுதியோடு மொபெட்டும் வந்து நின்றது. நல்லுசாமி இறங்கி மூச்சு வாங்கினார். முகம் கடுகடுத்திருந்தது. அடுத்து என்ன சொல்வாரோ என்று இருசம்மாள் தாலியைப் பிடித்துக்கொண்டாள்.

படகு ஒரு விரற்கடை முன்னால் வந்தது வீரமணிக்குத் தெரியும். வாழ்நாளில் அவர் ஓட்டிய ஒரே பந்தயம். ஜெயித்ததும் அவர்தான். சேற்றில் இறங்கி நின்று சொன்னார்.

"நீங்கதான் மச்சான் ஜெயிச்சீங்க."

நல்லுசாமி சுற்றிலும் பார்த்தார். ஊர் கைதட்டியது. கடுகடுப்பு மெல்லக் கழன்றது. "பின்ன? நம்ம வண்டி அப்புடி" என்றார்.

தை மாதம் மணவறையில் அவர்தான் மாலை எடுத்துக் கொடுத்தார். மண்டப வாசலில் அவர் வைத்த புது ஃப்ளெக்ஸில், மொபெட்டில் சாய்ந்து, கையில் வெற்றிக் கோப்பையோடு நின்றார். படகு அவருக்குப் பின்னால் கொட்டாங்கச்சி அளவில் தெரிந்தது. வீரமணியின் படம் எங்கேயும் இல்லை.

பந்தி முடிந்ததும் நல்லுசாமி வீரமணியைத் தோளில் கைபோட்டு வாசலுக்கு அழைத்துப்போய் ஃப்ளெக்ஸைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்திலும் அதே முகம்.

"இந்தத் தடவ ரெண்டு பக்கமும் அடிச்சிருக்கேன் மாப்ள. தலைய மட்டும் வெட்டிப்புடாத."