சீமைக்குப் போய் வந்த எஞ்சின்

விமானம் பழுதுபார்க்கும் தொழிலில் ஸ்பானரைவிடப் பேனாவுக்குத்தான் வேலை அதிகம். யாரோ கொடுத்த சர்டிபிகேட்டை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்களுக்கு இது புரியும். இங்கே சொல்லப்போகும் கதையின் முடிவைப் பல வருஷம் நான் நம்பவில்லை. அந்த முடிவைச் சொன்னவர் எங்கள் ஸ்டோர்கீப்பர் தேவசகாயம். போடி பஜார்க் கடைக்காரர் மகன், கதை கட்டுவதில் கெட்டிக்காரர்.

வழியனுப்பு

எழுபதுகளில், பயிருக்கு மருந்து தெளிக்கும் ஒரு கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தேன். தேனிக்கு வெளியே ஒரு பொட்டல்தான் ஓடுபாதை. ஒரே ஒரு சின்ன விமானம். அதன் எஞ்சினை முழுசாகப் பிரித்துப் பார்த்து மாட்ட எங்களுக்குத் தெரியும். மேனேஜருக்கு அது கேவலமாகப் பட்டது. வெளிநாட்டுப் பட்டறைக்குக் கப்பலில் அனுப்ப உத்தரவு போட்டார். எஞ்சின் பிரிக்கத் தெரிந்த நாங்கள் பெட்டிக்கு ஆணி அடித்தோம். மேனேஜர் பெட்டிக்கு மாலை போட்டுச் சூடம் காட்டினார்.

"வெள்ளைக்காரன் கை பட்டு வரட்டும்யா. ஒங்க கையில பூராம் கிரீஸுதானே!"

முறுக்கு

மூன்று மாதத்தில் திரும்பி வந்தது. புது பெயின்ட், ஈயச் சீல், வழவழப்பான தாளில் சர்டிபிகேட். மாட்டும்போது உள்மூலையில் ஒரு போல்ட் கண்ணில் பட்டது. போல்ட் கழலாமலிருக்கக் கம்பி கோத்து முறுக்கிவிடுவோம். நான் இடக்கைக்காரன், என் முறுக்கு எதிர்ப்பக்கம் ஓடும். பெயின்டுக்கு அடியில் அந்தக் கம்பியும் அப்படித்தான் ஓடியது. எஞ்சினைப் பிரித்திருந்தால் பழைய கம்பியை வெட்டி எறிந்து புதிது போட்டிருக்க வேண்டும். மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"ஏன்யா, சீமையில இடக்கைக்காரனே கெடையாதா?"

கடலைக் காடு

நியாயமாகத்தான் பட்டது. கையெழுத்துப் போட்டேன்.

பைலட் வர்கீஸ் எந்தத் தாளையும் படிக்க மாட்டார். "நீ பாத்தாச்சுல்ல?" என்று மட்டும் கேட்பார். அன்றும் கேட்டார், தலையாட்டினேன். தேவாரம் பக்கம் பறக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டது. கடலைக் காட்டில் இறக்கினார். அவர் வலது கால் நொறுங்கியது. சர்டிபிகேட் சுத்தமாக இருந்ததால், தப்பு பைலட்டுடையது என்று விசாரணையில் எழுதிவிட்டார்கள். அவர் வேலையும் போனது. விமானம் விழுந்த அன்று மூச்சிரைக்க ஓடிப் போன என்னிடம் காட்டுக்காரர் கேட்டார்:

"இம்புட்டுப் பெரிய மிஷினு வச்சிருக்காக, ஒரு நல்ல மெக்கானிக்க வைக்கக் கூடாதா கம்பெனிக்காரக?"

மாலை

கம்பெனி மூடிய பிறகு, அல்லிநகரம் டீக்கடையில் தேவசகாயம் வாயைத் திறந்தார். பெட்டியைத் துறைமுகத்தில் விட்டதும் எடுத்ததும் அவர்தான். வெளிநாட்டுப் பட்டறை சர்டிபிகேட்டை மட்டும் அனுப்பிவிட்டு, வேலையைத் துறைமுகத்திலிருந்த ஏஜென்ட் தலையில் கட்ட, அவன் எஞ்சினுக்கு மேலாகப் பெயின்ட் அடித்ததோடு சரி.

"கப்பலே ஏறலண்ணே. நான் எறக்குன கோடவுன்ல அங்கனயே கெடந்துச்சு. மேனேஜர் போட்ட மாலை பெட்டியிலயே காஞ்சு தொங்குச்சு."

பாக்கி

பொய் என்றே வைத்துக்கொண்டேன். உண்மை என்றால் அந்தக் கம்பி என்னுடையதாகிவிடும். சீமையில் எனக்காக ஒரு இடக்கைக்காரனை இத்தனை வருஷம் உயிரோடு வைத்திருந்தேன். கடல் தாண்டியது எங்கள் புத்தி மட்டும்தான்.

வர்கீஸ் இப்போது குமுளியில் கைத்தடியோடு நடக்கிறார், தன் தப்புதான் என்று நம்பிக்கொண்டு. போன வாரம் தேவசகாயத்திடம் கேட்டே விட்டேன்:

"மாலையப் பாத்த நீயும் பேசல, கம்பியப் பாத்த நானும் பேசல. இப்ப அந்த மனுசன்கிட்ட யாருப்பா போய்ச் சொல்றது?"