அடுப்பு கேட்டுப் போட்ட வீடியோ

தாராவியில் எங்கள் ஒற்றை அறை வீட்டின் அடுப்புக்கு ஒரு கேடும் இல்லை. இருந்தும் ஒரு நாள் அதை அணைத்துவிட்டு போன் முன்னால் உட்கார்ந்து, "அடுப்பு ரிப்பேராயிட்டு. இனிமே எப்படிச் சமைச்சுக் காட்டுவேன்னு தெரியல. உங்கள விட்டா யாரு இருக்கா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

யூடியூபில் சமையல் வீடியோ போடத் தொடங்கி இரண்டு வருஷமாகியிருந்தது. லைக் போடுங்க, ஷேர் பண்ணுங்க என்று கேட்டுக் கேட்டு எனக்கே சலித்திருந்தது. கஷ்டத்தைச் சொல்கிறவர்களுக்குத்தான் கூட்டம் சேர்கிறது என்று தோன்றியது. அதே வீடியோவை இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் போட்டேன்.

வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "ஏட்டி, அடுப்பு நல்லாத்தான இருக்கு? எதுக்கு இந்தப் பொய்?" என்றார்.

"எல்லாரும் இப்படித்தான் கேக்காவ."

என் வீடியோ ஒன்று விடாமல் பார்த்து நாலு வரி எழுதுகிற அம்மா ஒருவர் நெருளில் இருந்தார். அவர் முகவரி கேட்டார். கூரியரில் ஏதோ அனுப்பப் போகிறார் என்று நினைத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் காலை வாசலில் வந்து நின்றார். எழுபது வயதிருக்கும். குர்லாவில் ரயில் மாறி, சயானில் இறங்கி, வழி விசாரித்து வந்திருக்கிறார். கையில் கனத்த துணிப்பை. உள்ளே இரண்டு பர்னர் அடுப்பு.

"ஆத்துல சும்மாதான் கிடந்தது. நன்னாத் துடைச்சுக் கொண்டுவந்திருக்கேன்."

என் அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். "ரிப்பேர் பண்ணியாச்சா? நல்லதாப் போச்சு" என்றார்.

ஆமாம் என்றால் தப்பித்திருக்கலாம். பை இழுத்துச் சிவந்திருந்த அவர் விரல்களைப் பார்த்தபோது முடியவில்லை. "அது கெட்டே போகலம்மா. பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

பையின் வாயை மடித்துக் கட்டினார். பிறகு, "என் பிள்ளை இதெல்லாம் ஏமாத்து வேலைன்னான். நான்தான் இல்லவே இல்லைன்னு அவனோட சண்டை போட்டுண்டு வந்தேன்" என்றார். அதில் கோபம் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஸ்டேஷன் வரை பையை நான்தான் தூக்கிப் போனேன். நெருள் வரை வருகிறேன் என்றதற்கு, "வேண்டாம், நானே போய்ப்பேன்" என்று பையை வாங்கிக்கொண்டார்.

அன்று மாலையே மூன்று இடத்திலும் உண்மையைச் சொல்லி வீடியோ போட்டேன். நிறையப் பேர் திட்டினார்கள், பலர் விலகிப் போனார்கள். அந்த அம்மா எதுவுமே எழுதவில்லை. இன்றைக்கும் சமைத்துப் போடுகிறேன். கடைசியில் லைக் போடுங்க என்று சொல்லத்தான் நாக்கு எழுவதில்லை.