இல்லாத பெடல்

என் அக்காவுக்கு இடது முழங்கால் மடங்காது. பிறவிக் குறை இல்லை, அவளைக் கட்டிக்கொண்டவன் செய்த வேலை. அவனை மாமா என்று கூப்பிட வேண்டிய கொழுந்தியாள் நான். நான் கூப்பிடுவதில்லை, லாரிக்காரன் என்பேன். லாரி ஓட்டிப் பிழைக்கும் நல்லவர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.

அக்கா கல்யாணத்துக்கு முன்பே ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டியவள். ஒருநாள் லாரிக்காரன் ஒரு கிடங்குச் சந்திலிருந்து தன் வண்டியைப் பின்பக்கமாக எடுக்கத் தெரியாமல் மூன்று தடவை சுவரில் உரசினான். கூட்டாளிகள் சிரித்தார்கள். சாப்பாடு கொண்டுபோயிருந்த அக்கா சும்மா இருந்திருக்கலாம். "தள்ளுங்க, நான் எடுக்கறேன்" என்று ஏறி உட்கார்ந்து, ஒரே மூச்சில் வெளியே கொண்டுவந்து நிறுத்திவிட்டாள். கூட்டாளிகள் கை தட்டினார்கள். அன்று சாயங்காலம் வீட்டில், டயர் கழற்றும் இரும்புக் கம்பியால் அவள் முழங்காலை அடித்தான். எலும்பு நொறுங்கிய சத்தம் கேட்ட பிறகும் நிறுத்தவில்லை. அவர்கள் பெண்ணுக்கு அப்போது நாலு வயது. கட்டிலுக்கு அடியில் பதுங்கியிருந்தாள்.

ஆறு மாதம் உள்ளே இருந்துவிட்டு, வெளியூர் போய் வந்தவன் போல வெளியே வந்தான். அதற்குள் அக்கா விவாகரத்து வாங்கிவிட்டாள். குழந்தை அம்மாவிடம் இருக்க வேண்டும், அப்பா மாதம் ஒருநாள் அதிகாரி முன்னிலையில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று தீர்ப்பு. அவனோ தீர்ப்பைக் காதில் போட்டுக்கொள்ளும் ஆள் இல்லை.

நான் வேலை பார்ப்பது பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் புதுப்பிக்கும் பட்டறை. சீட்டுக்குத் தோல் வெட்டித் தைப்பது என் பிழைப்பு. கால் போன பிறகு கிளட்ச் மிதிக்க முடியாமல் வேன் வேலையும் போய், வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அக்காவை நான்தான் அங்கே கார் கழுவும் வேலைக்குச் சேர்த்துவிட்டேன்.

பட்டறையில் ஐம்பது வயது தாண்டிய பச்சைக் கார் ஒன்று இருந்தது. தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கும், எஞ்சின் பின்னால். நாங்கள் தவளை என்போம். அதில் கியர் உண்டு, கிளட்ச் பெடல் கிடையாது. கியர் கம்பியின் தலையில் இருக்கும் குமிழைக் கையால் அழுத்தினால் உள்ளே ஒரு சின்ன சுவிட்ச் வேலை செய்யும். உடனே கிளட்ச் தானாக விடுபட்டு, எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிடும். கியரை மாற்றிவிட்டுக் கையை எடுத்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

கேட்பதற்குச் சுலபம்தான். ஆனால் மற்ற வண்டிகளை ஓட்டிப் பழகியவர்களைத்தான் தவளை பழிவாங்கும். சும்மா கியர் மேல் கையைப் போட்டுக்கொண்டே ஓட்டுவார்கள். எஞ்சின் கத்தும், கார் நகராது. அதைவிட மோசம் இடது கால். அவசரம் என்றால் அது யாரையும் கேட்காது. கிளட்சைத் தேடி ஓங்கி மிதிக்கும். அங்கே இருப்பதோ அகலமான பிரேக். எங்கள் தலைமை மெக்கானிக், முப்பது வருஷ அனுபவம் என்று மார்தட்டிக்கொண்டு முதல் நாளே ஓட்டிப் பார்த்தார். வளைவில் இடது காலைப் போட்டார். கார் அப்படியே நின்றது, அவர் நிற்கவில்லை. ஸ்டியரிங்கில் மோதி மூக்கு உடைந்தது. அன்று முதல் பட்டறையில் அவருக்கு மூக்கு என்றே பெயர்.

அதன் பிறகு மூக்கு தவளையின் பக்கத்தில்கூடப் போக மறுத்துவிட்டார். "நான் பாக்கட்டுமா?" என்று வாளியைக் கீழே வைத்தாள் அக்கா. ஏறி உட்கார்ந்ததும் அவளுடைய இடது கால் கட்டை போல நீண்டு கிடந்தது. அது மிதிக்க நினைத்தாலும் மிதிக்காது. காய்ச்சல் இருக்கிறதா என்று குழந்தை நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல குமிழைத் தொட்டாள், கியரை மாற்றினாள், கையை எடுத்தாள். ஒரு குலுக்கல் இல்லை. அந்த மாதமே அவளை டிரைவராக ஆக்கினார்கள். அந்த வகைக் கார் வைத்திருக்கும் பெரிய மனிதர்கள் எல்லாம் அவளைத் தேடி வந்தார்கள். நான் அவளைத் தலையில் தூக்கி வைத்து ஆடாத குறை.

லாரிக்காரன் வந்தது ஒரு மத்தியானம். பள்ளிக்கூடம் அரை நாள். எட்டு வயதாகிவிட்ட எங்கள் பெண் என் வெட்டும் மேஜையில் உட்கார்ந்து வீட்டுக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கையில் டயர் கம்பியோடு உள்ளே நுழைந்தான்.

"எம் பொண்ண நான் கூட்டிட்டுப் போறேன். எவன் தடுக்கறான்னு பாக்கறேன்."

மூக்கு நல்லவர், குறுக்கே போய் நின்றார். "மாசத்துல ஒருநாள்தானேப்பா உனக்கு. இன்னிக்கு அந்த நாள் இல்லையே."

கம்பி அவர் விலாவில் இறங்கியது. சுருண்டு விழுந்தவரை இன்னொரு முறை முதுகில் அடித்தான். நான் தோல் வெட்டும் கத்தரியை எடுத்து அவன் தோளில் குத்தினேன். அதைத் தப்பு என்று இன்றுவரை நினைக்கவில்லை. இன்னும் ஆழமாகக் குத்தியிருக்க வேண்டும். அவன் என் வயிற்றில் உதைத்தான். நான் மூச்சு வராமல் கிடந்தபோது குழந்தையின் முடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனான்.

அவன் வந்த வாடகைக் கார் வாசலில் இல்லை. உள்ளே கேட்ட அலறலில் அதன் டிரைவர் பிழைத்தால் போதும் என்று கிளம்பிவிட்டார். முற்றத்தில் தவளை நின்றது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அப்போதுதான் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். அவன் குழந்தையை உள்ளே எறிந்துவிட்டு ஏறினான். அக்கா அந்தக் காலை இழுத்துக்கொண்டு ஓடி, நகரும் காரின் இடது கதவைத் திறந்து, குழந்தையின் மேலேயே விழுந்தாள். கதவு ஆடியபடியே கார் வெளியே போனது. நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

காருக்குள் நடந்ததை அக்கா பிறகு சொன்னாள். கீழே குனிந்து இரண்டு பெடலைப் பார்த்தவன், "ஆட்டோமேட்டிக்கா, பொம்பளைங்க ஓட்டற வண்டி" என்று சிரித்தானாம். பட்டறையிலிருந்து போகும் சாலை நீளமான ஏற்றம். உச்சியில் நெடுஞ்சாலை. அங்கே ஏறிவிட்டால் குழந்தையை எங்கே போய்த் தேடுவது? "உன்ன வழியில தள்ளிட்டு, இவளக் கூட்டிட்டுப் போறேன். நீ ஆயுசு முழுக்கத் தேடு" என்றான். சொன்னதைச் செய்கிறவன்தான், அதில் குறை சொல்ல முடியாது.

அக்கா குழந்தையின் முகத்தை இடது தோளில் புதைத்துக்கொண்டாள். வலது கையைக் கியர் குமிழின் மேல் வைத்து அழுத்தினாள்.

எஞ்சின் அலறியது. கார் இழுவை விட்டது. அவன் ஆக்சிலேட்டரை மிதித்தான், அலறல்தான் கூடியது. முதலில் புரியவில்லை அவனுக்கு. பிறகு அவள் கையைப் பார்த்தான்.

"கைய எடுடி."

"மாட்டேன்."

முதலில் முஷ்டியால் குத்தினான். அவள் வாய் கிழிந்தது, ஒரு பல் குழந்தையின் முடியில் விழுந்தது. அடுத்து மடியிலிருந்த கம்பியை எடுத்து அவள் விரல்களின் மேல் அடித்தான். சுட்டு விரலும் நடு விரலும் முதல் அடியில் போயின. விரல் போனால் என்ன என்று உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். மணிக்கட்டில் அடித்தான். கையின் மேல் மார்பைச் சாய்த்து, தன் முழுக் கனத்தையும் குமிழின் மேல் போட்டாள். இனி முதுகில்தான் அடிக்க முடியும், அங்கேயும் அடித்தான். எஞ்சின் அந்த அலறல் அலறும்போது கையை எடுத்தால் கார் தெறித்துப் பாயும் என்பது அவளுக்குத் தெரியும். முன்னால் ஒரு செங்கல் லாரி முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது.

ஏற்றத்தில் வண்டி இழுவை விட்டால் லாரி ஓட்டுகிறவன் என்ன செய்வான்? கீழ் கியருக்கு வருவான். இருபது வருஷப் பழக்கம் அது. ஆட்டோமேட்டிக் என்று தன் வாயாலேயே சொன்னவனின் இடது கால், சொன்னதை மறந்து, இல்லாத கிளட்சை ஓங்கி மிதித்தது. பிரேக் பிடித்துக் கார் நட்ட கல் போல நின்றது. அவன் நெற்றி முன் கண்ணாடியில் மோதி, கண்ணாடி முழுக்க விரிசல். அக்காவின் மடங்காத கால் முன்னால் இருந்த தகரத்தில் முட்டுக்கட்டையாக நின்று, அவளையும் குழந்தையையும் தாங்கிக்கொண்டது. அவள் கை குமிழிலிருந்து விலகியதும் எஞ்சின் திணறி அணைந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா இறங்கியிருந்தாள். "புள்ளயப் புடி" என்று என்னிடம் தள்ளினாள். அவள் வலது கையைப் பார்க்க முடியவில்லை. இடது கையில் அந்தக் கம்பி இருந்தது. காரைச் சுற்றி மறுபக்கம் போனாள். அவன் ஒரு காலை வெளியே வைத்தபடி, முகமெல்லாம் ரத்தத்தோடு, எழுந்திருக்க முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"புள்ள எனக்குத்தான்" என்றான். "இன்னிக்கு இல்லன்னா நாளைக்கு."

அக்கா அவன் முழங்காலில் அடித்தாள். அவன் கத்தினான். இன்னொரு முறை அதே இடத்தில் அடித்தாள். பிறகு கம்பியைக் கீழே போட்டுவிட்டு, சாலையோரம் வாந்தி எடுத்தாள். நான் குழந்தையின் கண்ணை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை. நானே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வயிறு குளிர்ந்தது, அதை மறைப்பானேன்?

வழக்கு வந்தது. அவன் வக்கீல் கெட்டிக்காரர். கடத்தல், அடிதடி எல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும். கார் நின்ற பிறகு, எழ முடியாமல் இருந்த மனிதனின் காலை உடைத்தவளிடம் குழந்தையை எப்படி விடுவது, அப்பாவின் அண்ணன் வீட்டில் வளரட்டும் என்றார். அந்த அண்ணனை எனக்குத் தெரியும். தம்பிக்குக் கை நீட்டக் கற்றுக் கொடுத்ததே அவர்தான்.

அதனால் நான் ஒரு வேலை செய்தேன். அக்காவுக்குத் தெரியாமல் குழந்தையை உட்கார வைத்துப் பழக்கினேன். "பிரேக் போட்டப்ப அவர் முட்டி ஸ்டியரிங்குக்குக் கீழ இடிச்சு உடைஞ்சுது. அம்மா கீழ இறங்கவே இல்ல. அவ்வளவுதான் சொல்லணும். சொன்னா அம்மாகூடவே இருக்கலாம்." மூன்று நாள் பழக்கினேன். நானும் கூண்டில் ஏறி அதையே சொன்னேன்.

நீதிபதி பொறுமையான மனிதர். குழந்தையைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார். அவள் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தாள்.

"யாராவது உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தாங்களாம்மா?"

"இல்ல" என்றாள். கண் இமைக்கவில்லை. லாரிக்காரன் பொய் சொல்லும்போதும் இமைக்க மாட்டான். அந்த நிமிஷம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அக்கா எழுந்து நின்றாள். நாற்காலியைப் பிடித்து, அந்தக் காலை நிமிர்த்தி நிற்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். "ஐயா, புள்ள சொல்றது நெஜமில்ல. அவர் முட்டிய ஒடச்சது நான்தான். வண்டி நின்னதுக்கப்புறம் அடிச்சேன். ரெண்டு அடி."

எங்கள் வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். இடைவேளையில் நான் அவளைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"பைத்தியமா அக்கா ஒனக்கு? அந்த வீட்டுல புள்ளய விட்டுடுவியா?"

அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "கால் போறதுக்கு முன்னால எத்தன தடவ ஆஸ்பத்திரிக்குப் போனேன்னு ஒனக்குத் தெரியுமா? படியில விழுந்தேன், கதவுல இடிச்சுக்கிட்டேன்னு டாக்டர் கண்ணப் பாத்துச் சொல்லுவேன். அவளத் தூக்கிட்டுத்தான் போவேன். கேட்டுக்கிட்டே இருப்பா." வாய் கோணியது. "என்னக் காப்பாத்தறது அவ வேல இல்லடி. அத ஏன் அவ தலையில வச்ச?"

எனக்குக் கோபம்தான் வந்தது. நியாயம் பேச இதுவா நேரம் என்று கத்தினேன். சாயங்காலம் தீர்ப்பு வந்தது. அவனுக்கு ஐந்து வருஷம். உண்மையைத் தானாக முன்வந்து சொன்னதால் குழந்தை அக்காவிடமே இருக்கலாம். ஆனால் எழ முடியாமல் இருந்தவனை அடித்ததற்கு அவளுக்கு மூன்று மாதம் சிறை. அவள் வரும்வரை, அம்மா வழியில் வேறு ஆள் இல்லாததால், குழந்தை என் பொறுப்பில். பொய் சாட்சிக்காக என்னை நீதிபதி எல்லார் முன்னாலும் கிழித்துத் தொங்கவிட்டார்.

போலீஸ்காரம்மா அக்காவை அழைத்துப் போனார். அக்கா குனிந்து குழந்தையின் காதில் ஏதோ சொன்னாள், கட்டுப் போட்ட கையால் தலையைத் தடவினாள், போய்விட்டாள். குழந்தை அழவில்லை. கதவு சாத்தும்வரை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொன்னத அப்படியேதானே சொன்னேன், சித்தி. அம்மாகூட இருக்கலாம்னு சொன்னீங்களே."

"நான் சொல்லிக் குடுத்ததுதான் தப்பு கண்ணு" என்றேன். "மூணே மாசம். அம்மா வந்துடுவா. இது நெஜம்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை.