அவர் சான்றிதழில் நான் எழுதாத வரி

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை பந்தலூரிலிருந்து கவிதா பேசினாள். "டீச்சர், அம்மா போயிட்டாங்க" என்றாள். "எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். அழுதுகொண்டிருந்த பெண்ணிடம் எனக்கு முதலில் கேட்கத் தோன்றியது அதுதான். "அஞ்சே முக்காலுங்க" என்று அவளும் சரியாகச் சொன்னாள். லோகேஸ்வரியின் மகள் அல்லவா?

குன்னூரில் நம் பள்ளியில் படித்த உங்களில் பலருக்கு லோகா மிஸ்ஸை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பின்னால் வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோது பெற்றோருடன் கப்பலேறி இங்கே வந்து, பந்தலூரில் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் வளர்ந்து, ஆங்கிலத்தில் பட்டம் பெற்றவர். பதினோரு வருடம் நம் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தார். நான் அப்போது தலைமையாசிரியை. வகுப்பில் ஆசிரியரின் குரல் மட்டுமே கேட்க வேண்டும் என்று ஊட்டி கான்வென்டில் கற்றுக்கொண்டு வந்தவள்.

அவர் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும் விதமே வேறு. பெயரைக் கூப்பிட்டால் பிள்ளை எழுந்து, வழியில் பார்த்த ஏதாவது ஒன்றைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். சொன்னால்தான் உட்காரலாம். ஒருநாள் வராந்தாவில் போகும்போது ஒரு பையன் சொல்வதைக் கேட்டேன். "வழியில் காட்டெருமை நின்றது. நான் நின்றேன். அது போனது. நான் வந்தேன்." வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே போய், பிள்ளைகள் முன்னாலேயே, "இது கிளாஸா, பெரட்டுக் களமா?" என்று கேட்டேன்.

பெரட்டு என்பது தோட்டத்தில் விடியற்காலையில் தொழிலாளரை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. லோகேஸ்வரியின் அப்பாவும் அம்மாவும் வாழ்நாள் முழுவதும் அந்த வரிசையில் நின்றவர்கள். அது தெரிந்துதான் நான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினேன். அவர் முகம் மாறவில்லை. "பெரட்டுல பேரு கூப்பிட்டா ஆளு வந்தாச்சுன்னு மட்டுந்தான் டீச்சர் தெரியும். இங்க ஆளே பேசுதுங்க" என்றார். மறுநாளிலிருந்து அது வேண்டாம் என்றேன். மறுநாளிலிருந்து பிள்ளைகள் "பிரசன்ட் மிஸ்" என்று மட்டும் சொன்னார்கள்.

பிறகு பச்சைத் தேயிலை விலை விழுந்தது. பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டவில்லை என்று பலர் இலையைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள். அரவேணுப் பக்கத்திலிருந்து அப்பாக்கள் ஒவ்வொருவராக என் அறைக்கு வந்தார்கள். "ஏனுங்க டீச்சர், இந்த வருசம் பையனைக் கவர்மென்ட் ஸ்கூல்ல சேத்திக்கிறேனுங்க. இலைக்கு வெலையே இல்லீங்க" என்று தரையைப் பார்த்தபடி சொல்லி, மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போனார்கள். பெஞ்சுகள் காலியாயின. ஓர் ஆசிரியரைக் குறைக்க வேண்டும் என்று நிர்வாகம் சொன்னபோது நான் லோகேஸ்வரியின் பெயரைச் சொன்னேன். அவருடைய உச்சரிப்பில் தோட்டத்து வாடை அடிக்கிறது என்று காரணம் காட்டினேன். என் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் அவரிடம் மட்டும் பேசினார்கள் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

மாலத்தீவில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன், நடத்தைச் சான்றிதழ் வேண்டும் என்று வந்து நின்றார். நானே தட்டச்சு செய்தேன். பதினோரு வருடம் பணிபுரிந்தார். காரணமின்றி விடுப்பு எடுத்ததில்லை. ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. மூன்று வரி. எப்படிக் கற்பித்தார் என்று ஒரு வரி எழுத இடம் இருந்தது. எழுதாமல் கையெழுத்துப் போட்டேன். அவர் வாசித்துவிட்டு, "நல்லா இருக்குங்க டீச்சர். சுருக்கமா இருக்கு" என்றார்.

இரண்டு வருடம் கழித்து விடுமுறையில் வந்தபோது என் வீட்டுக்கு வந்தார். வெயிலில் நன்றாகக் கறுத்திருந்தார். கருவாட்டுப் பொட்டலம் ஒன்றை நீட்டிவிட்டு, நாங்கள் சைவம் என்பது நினைவுக்கு வந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார். "உங்க லெட்டர்தான் டீச்சர் எனக்கு வேலை வாங்கிக் குடுத்துச்சு. மத்தவங்க லெட்டர் பூராம் ஆகா ஓகோன்னு இருந்துச்சாம். 'இந்தம்மாவுக்குப் பொய் எழுதத் தெரியாதுபோல, நீங்க வாங்க'ன்னு அங்க ஹெட்மாஸ்டர் கூப்பிட்டுட்டாரு." சொல்லிவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

அன்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. அரை மணி நேரத்தில் சுற்றி வந்துவிடக்கூடிய தீவு. மீனவர்களின் பிள்ளைகள். அங்கே போய் முதல் வேலையாக, நான் நிறுத்திய அந்தப் பெரட்டைத்தான் தொடங்கியிருக்கிறார். ஒரு மாதம் யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் எழுந்து நின்றுகொண்டே இருந்தார்களாம், அவரும் உட்காராமல் நின்றாராம். பிறகு ஒருநாள் ஆயிஷா என்ற பெண், "நேற்று அப்பா மீன் இல்லாமல் வந்தார். அம்மா அவரைத் திட்டவில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அடுத்த வாரம் வகுப்பை அடக்க முடியவில்லை. "அன்னிக்குத்தான் டீச்சர் நான் வாத்தியாரம்மா ஆனேன்" என்றார் லோகேஸ்வரி. குத்திக் காட்டச் சொன்னதல்ல. சந்தோஷத்தில் சொன்னது. நம்மிடம் அவர் பதினோரு வருடம் இருந்தார் என்பது எனக்கு மட்டும் உறைத்தது.

"ஒருதரம் வந்து பாருங்க டீச்சர், கிளாஸ்ல பின்னாடி உக்காந்துக்கலாம்" என்று ஒவ்வொரு விடுமுறையிலும் கூப்பிட்டார். முழங்கால் வலி என்றேன். அப்போது எனக்கு முழங்கால் நன்றாகத்தான் இருந்தது.

என் கணவர் இறந்த மறுநாள் தீவிலிருந்து தொலைபேசியில் பேசினார். வந்தவர்கள் எல்லோரும் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும், "இன்னிக்கு என்ன பாத்தீங்க டீச்சர்?" என்று கேட்டார். "அவர் மூக்குக்கண்ணாடி ஜன்னலோரம் இருக்கிறது. துடைத்து வைத்திருக்கிறார்" என்றேன். "சரிங்க டீச்சர், உக்காருங்க" என்றார். அப்போதுதான் அழுதேன். என் தவற்றை ஒப்புக்கொள்ள அதைவிட நல்ல வேளை அமைந்திருக்காது. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

லோகேஸ்வரியின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தலூர் போனேன். கவிதா தன் கைபேசியில் ஒரு பதிவைப் போட்டுக் காட்டினாள். தீவில் அவரிடம் படித்தவர்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, அன்று பார்த்ததை ஒரு வரி பேசி அனுப்பியிருந்தார்கள். படகு ஓட்டுபவர், நர்ஸ், ஹோட்டல் சமையல்காரர். "நான் ஆயிஷா. நம் தீவுப் பள்ளியில் இப்போது நான்தான் ஆங்கில ஆசிரியை. இன்று காலை என் வகுப்பில் எல்லோரும் பேசினார்கள்." உச்சரிப்பில் லோகேஸ்வரியின் தோட்டத்து வாடை அப்படியே இருந்தது. அவ்வளவு அழகான ஆங்கிலத்தை நான் கேட்டு வெகுநாளாயிற்று.

கவிதா ஒரு ஃபைலையும் எடுத்து வந்தாள். பிளாஸ்டிக் உறைக்குள் என் மூன்று வரி. "அம்மா இதைப் பத்திரமா வெச்சிருந்தாங்க. டீச்சர் பொய் எழுத மாட்டாங்கன்னு சொல்லுவாங்க" என்றாள். பேனா கேட்டேன். கையெழுத்துக்கு மேலே இடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது. "இவரைவிடச் சிறந்த ஆசிரியரை நான் கண்டதில்லை, எனக்கு அது அப்போதே தெரியும்" என்று எழுதி, அன்றைய தேதியைப் போட்டேன்.

"இப்ப எதுக்குங்க டீச்சர் இது?" என்றாள் கவிதா. பேனாவை மூடி அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பெரட்டை மட்டும்தான். காலைக் காபி முடிந்ததும் எழுந்து நின்று, அன்று பார்த்ததை ஒரு வரி உரக்கச் சொல்கிறேன். இன்று வேலிக்கு அந்தப் பக்கம் காட்டெருமை நின்றது. அது போன பிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன். என்னை உட்காரச் சொல்ல ஆள் இல்லை.